அத்தியாயம் 6: முகத்துக்கும் மண்டபத்துக்கும் விளக்குத் தேர்வு

கேமரா கடையில் விளக்கு வாங்க நிற்பவர் முதலில் கேட்பது, “இது எத்தனை வாட்?” என்பதைத்தான். கேட்க வேண்டியவற்றில் அது கடைசிக் கேள்வி. விளக்கின் முகப்பு எவ்வளவு அகலம், அதை ஆளிடமிருந்து எவ்வளவு தூரத்தில் வைக்க முடியும், அதன் நிறம் சுற்றியுள்ள வெளிச்சத்தோடு ஒத்துப்போகுமா என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகுதான் வாட் கணக்குக்கு வேலை. இந்த மூன்றையும் இடத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

ஆகவே இரண்டு இடங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, ஒருவரை உட்காரவைத்து நிதானமாக எடுக்கும் உருவப்படம். இன்னொன்று, கல்யாண மண்டபம். முதலாவதில் ஆளை நகர்த்தலாம், விளக்கை நகர்த்தலாம், தவறினால் மறுபடி எடுக்கலாம். இரண்டாவதில் இந்த மூன்றுமே நம் கையில் இல்லை. ஒன்றுக்கு வாங்கிய விளக்கு இன்னொன்றில் சொதப்புவது இதனால்தான்.

அகலமும் தூரமும்

சின்ன விளக்கு கூரான நிழலையும் பெரிய விளக்கு இளகிய நிழலையும் தரும். இங்கே பெரிது, சின்னது என்பது முகத்தின் இடத்திலிருந்து பார்க்கும்போது விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்ற கணக்கு. சூரியனை விடப் பெரிய விளக்கு நம்மிடம் இல்லை. ஆனால் இங்கிருந்து பார்த்தால் அது அரை டிகிரி அகலம்தான். அதனால்தான் உச்சிவெயிலில் மூக்கின் நிழல் வெட்டினாற்போல் விழுகிறது. 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸை முகத்துக்கு ஒரு மீட்டரில் வைத்தால் கன்னத்தில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு நிழலுக்குள் இறங்கும். அதே பெட்டியை 5 மீட்டருக்குத் தள்ளினால், துணி போர்த்திய சின்ன விளக்குக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. சாஃப்ட்பாக்ஸ் எவ்வளவு அகலமோ ஏறத்தாழ அவ்வளவு தூரத்தில் அதை வைப்பது நல்ல தொடக்கம்.

தூரத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. முகத்துக்கு ஒரு மீட்டரில் விளக்கும், முகத்துக்குப் பின்னால் இரண்டு மீட்டரில் சுவரும் இருந்தால், சுவருக்குப் போய்ச் சேர்வது ஒன்பதில் ஒரு பங்கு. வெள்ளைச் சுவர்கூட சாம்பல் நிறமாகிவிடும். விளக்கையும் ஆளையும் சேர்த்துச் சுவரை நோக்கி நகர்த்தினால் அதே சுவர் வெளுக்கும். பின்னணித் துணி வாங்குமுன் இதைச் செய்து பார்த்துவிடுங்கள்.

ஃபிளாஷா, எல்இடியா?

தொடர்ந்து எரியும் எல்இடியில் ஒரு பெரிய வசதி, கண்ணில் தெரிவதே படத்திலும் வரும். நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டே விளக்கை நகர்த்தலாம். கற்றுக்கொள்பவருக்கும், வீடியோவும் சேர்த்து எடுப்பவருக்கும், குழந்தைகளைப் படம் எடுப்பவருக்கும் அது ஏற்றது. குறை அதன் பலத்தில் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 வாட் எல்இடி, 1/60 நொடியில் செலவிடும் மின்சாரம் 1 வாட்-செகண்ட். கேமராவின் தலையில் மாட்டும் ஃபிளாஷ் முழுப் பலத்தில் ஒரு வெட்டுக்கு 60, 70 வாட்-செகண்ட்டைக் கொட்டிவிடும். அதுவும் கண் இமைப்பதற்குள். பலத்தைக் குறைத்து அடித்தால் அந்த வெட்டு ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவாக முடிந்துவிடும். மாலை மாற்றும்போது துள்ளும் கை கலங்காமல் பதியும்.

ஃபிளாஷ் பலத்தைக் குறிக்க நிறுவனங்கள் கைடு நம்பர் தருகின்றன. 40 என்று போட்டிருந்தால், ஐஎஸ்ஓ 100-ல் எஃப் 8 வைத்து 5 மீட்டர் வரை எட்டும் என்று பொருள். நம்பரை எஃப் எண்ணால் வகுத்தால் தூரம் வரும். ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் எட்டும் தூரம் இரட்டிக்கும். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் இருக்கும் எண் பெரும்பாலும் ஃபிளாஷின் தலையை முழுக்க ஜூம் செய்து அளந்தது. அகலக் கோணத்தில் அது வெகுவாக இறங்கும். இரண்டு ஃபிளாஷ்களை ஒப்பிடும்போது ஒரே ஜூம் அளவில் ஒப்பிடுங்கள்.

ஃபிளாஷோடு வேலை செய்ய ஒரு சூத்திரம் போதும். ஷட்டர் வேகம் அறையின் வெளிச்சத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும். ஃபிளாஷ் பலம் ஃபிளாஷை மட்டும் மாற்றும். அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும் இரண்டையும் சேர்த்து மாற்றும். பின்னணி இருட்டாக வருகிறதா? 1/200-லிருந்து 1/60-க்கு இறங்குங்கள். முகம் அப்படியே இருக்க, பின்னால் உள்ள சீரியல் லைட்டுகள் எழும்பி வரும். மேல்வரம்பு மட்டும் நினைவிருக்கட்டும்: பெரும்பாலான கேமராக்களில் சிங்க் வேகம் 1/200 அல்லது 1/250. அதைத் தாண்டினால் ஹைஸ்பீடு சிங்க் தேவைப்படும். அதில் ஃபிளாஷின் பலம் பெருமளவு கரைந்துபோகும்.

உருவப்படம்: ஒரே விளக்கு, ஒரு தெர்மோகோல்

தொடக்கத்தில் மூன்று விளக்கு வாங்க வேண்டாம். 90 முதல் 120 செ.மீ. வரை அகலமுள்ள ஒரு சாஃப்ட்பாக்ஸ் அல்லது வெள்ளைக் குடை, ஒரு ஸ்டாண்டு, ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பலகை போதும். ஆளின் முகத்துக்கு முன்பக்கமாக 45 டிகிரி சாய்வில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே விளக்கை வையுங்கள். பிறகு மூக்கின் நிழலைப் பாருங்கள். அது கன்னத்தில் சின்னதாகக் கீழ்நோக்கிச் சாய்ந்து விழுந்தால் சரி. உதட்டைத் தொட்டால் விளக்கு உயரத்தில் இருக்கிறது. கன்னத்தைத் தாண்டிக் காதுப்பக்கம் ஓடினால் விளக்கு பக்கவாட்டில் போய்விட்டது. கண்ணின் கருமணியில் விளக்கின் பிரதிபலிப்பு மேல்பாதியில் ஒரு புள்ளியாகத் தெரிய வேண்டும். அது இல்லாத கண் தூங்கிவழியும்.

மறுபக்கம் தெர்மோகோலைப் பிடிக்கச் சொல்லுங்கள். முகத்துக்கு அருகே கொண்டுவந்தால் நிழல் வெளுக்கும், தள்ளினால் கறுக்கும். சினிமா யூனிட்டுகள் காலம்காலமாக நம்பும் சாமான் இது. விலை குறைவு, எடையும் இல்லை.

விளக்கே வாங்காமல் பழக வேண்டுமானால் வீட்டின் நிலைவாசல் இருக்கிறது. நேர்வெயில் விழாத நேரத்தில் ஆளை வாசலுக்கு உள்ளே ஓரடி தள்ளி, வெளியே பார்க்க உட்காரவையுங்கள். ஆறரை அடி உயர சாஃப்ட்பாக்ஸ் கிடைத்துவிட்டது.

நம் ஊர்த் தோல் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாநிறமும் கறுப்பும் கொண்ட முகத்தை வெளுப்பாகக் காட்ட ஃபிளாஷைக் கூட்டுவது பழைய ஸ்டூடியோப் பழக்கம். அப்படிச் செய்தால் நெற்றியும் மூக்கு நுனியும் வெள்ளையாகப் பொரிந்துபோகும், தோலின் நிறம் எங்கேயும் இருக்காது. கறுத்த தோலுக்கு உருவம் தருவது அதன் மினுமினுப்புதான். சின்ன விளக்கு அந்த மினுமினுப்பைப் புள்ளியாகக் குவிக்கும். அகலமான விளக்கு கன்னம் முழுக்கப் பரப்பும். ஆகவே விளக்கைக் கூட்டுவதற்குப் பதில் அகலப்படுத்துங்கள், சற்றுப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோங்கள், எண்ணெயையும் வியர்வையையும் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.

மண்டபம்: முகூர்த்த நேரம்

இப்போது மண்டபத்துக்குள் வருவோம். தாலி கட்டும் நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஐயர் கையை உயர்த்துகிறார், கெட்டிமேளம் முழங்குகிறது, உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் எழுந்து மணவறையை நெருங்குகிறார்கள். அட்சதை போட நீளும் கைகளும், செல்போன் பிடித்த கைகளும் உங்கள் விளக்குக்குக் குறுக்கே வருகின்றன. பக்கத்தில் ஸ்டாண்டு போட்டு வைத்த சாஃப்ட்பாக்ஸை யாராவது ஓரங்கட்டியிருப்பார்கள், அல்லது அதன் நிழல்தான் மணப்பெண்ணின் முகத்தில் விழும். முடிச்சுப் போடுவது சில நொடிகளில் முடிந்துவிடும்.

இந்த இடத்தில் விளக்கிடம் எதிர்பார்க்க வேண்டியது மூன்று. தலைகளுக்கு மேலிருந்து வர வேண்டும். அடுத்தடுத்து அடிக்க வேண்டும். நீங்கள் நகர்ந்தால் கூடவே நகர வேண்டும். கேமரா மேல் மாட்டி, தலையைத் திருப்பிக் கூரையிலோ சுவரிலோ அடித்து எடுக்கும் ஃபிளாஷ் மூன்றையும் நிறைவேற்றும். கூரையில் பட்டுத் திரும்பும்போது ஃபிளாஷின் சின்ன முகப்பு போய், கூரையின் ஒரு பகுதியே விளக்காகிவிடுகிறது. நேராக மேலே அடிக்காதீர்கள். உச்சியிலிருந்து மட்டும் இறங்கும் வெளிச்சம் கண்குழிகளை இருட்டாக்கும். ‘தி காட்ஃபாதர்’ (1972) படத்தில் ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் மார்லன் பிராண்டோவின் கண்களை மறைக்க வேண்டுமென்றே செய்தது அது. மணப்பெண்ணுக்கு அது வேண்டாம். தலையை உங்களுக்குப் பின்பக்கமாகவோ பக்கவாட்டாகவோ சாய்த்து அடியுங்கள்.

கூரை வெள்ளையாக இல்லாவிட்டால்? பந்தலில் சிவப்பும் மஞ்சளுமாகச் சாமியானாத் துணி இருந்தால், திரும்பிவரும் வெளிச்சமும் அதே நிறத்தில் வரும். உயரமான கருங்கூரை என்றால் எதுவும் திரும்பாது. அப்போது நாமே ஒரு கூரையை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ (1956) படத்துக்காகக் காசி வீட்டின் முற்றத்தை ஸ்டூடியோவுக்குள் அமைத்தார்கள். முற்றத்தில் இறங்கும் நிழலற்ற வெளிச்சத்தைக் கொண்டுவர, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அரங்கின் மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதன்மேல் அடித்தார். மண்டபத்தில் அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. உதவியாளர் தலைக்கு மேல் சாய்த்துப் பிடிக்கும் தெர்மோகோலோ, வெள்ளை ரிஃப்ளெக்டரோ போதும்.

கூரையில் அடிப்பதால் நான்கில் மூன்று பங்கு, சில இடங்களில் இன்னும் அதிகம், வெளிச்சம் வீணாகும். அதை ஐஎஸ்ஓவால் ஈடுகட்டுங்கள். ஐஎஸ்ஓ 1600, எஃப் 4, 1/125 என்று வைத்தால் நடுத்தர உயரக் கூரையில் ஃபிளாஷ் முழுப் பலத்தில் அடிக்க வேண்டியிருக்காது. எட்டில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்குப் பலத்தில் அடிக்கும் ஃபிளாஷ் உடனே மறுபடி தயாராகும். முழுப் பலத்தில் அடித்தால் ஒன்றரை, இரண்டு நொடி காத்திருக்க வேண்டும். அதற்குள் தாலி ஏறியிருக்கும்.

இரண்டாவது ஃபிளாஷ் இருந்தால் மேடையின் ஒரு மூலையில், ஸ்டாண்டைத் தலைகளுக்கு மேலே உயர்த்தி, மணமக்களின் பின்பக்கத் தோளைத் தொடும்படி வையுங்கள். பின்னலும் மாலையும் பின்னணியிலிருந்து பிரிந்து நிற்கும். ஹோமப் புகையும் அழகாகும். புகையை முன்னாலிருந்து ஃபிளாஷ் அடித்தால் அது வெள்ளைத் திரையாகி முகத்தை மறைக்கும். பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ அடித்தால் சுருள் சுருளாகத் தெரியும். புகை உங்கள் பக்கம் வீசினால் முன்ஃபிளாஷின் பலத்தைக் குறையுங்கள்.

மண்டபம்: வரவேற்பு மேடை

மாலை வரவேற்பில் பிரச்சினை வேறு. மணமக்கள் ஒரே இடத்தில் நிற்பார்கள். இரண்டு பேரும் வருவார்கள், பன்னிரண்டு பேரும் வருவார்கள். விளக்கு ஒரு பக்கம் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? வரிசையின் இந்த முனைக்கு 2 மீட்டர், அந்த முனைக்கு 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தூரம் மூன்று மடங்கு. ஆக அந்த முனையில் நிற்கும் பெரியப்பாவுக்குக் கிடைப்பது ஒன்பதில் ஒரு பங்கு வெளிச்சம். விளக்கை 4 மீட்டர் பின்னுக்குத் தள்ளினால் தூரங்கள் 6, 10 என்றாகும். வித்தியாசம் மூன்று மடங்குக்குள் அடங்கிவிடும். குழுவுக்கு விளக்கை அருகே கொண்டுவருவதைவிடத் தள்ளிவைத்துப் பலத்தைக் கூட்டுவதே வழி. வாட் கணக்கு இங்கேதான் உதவிக்கு வருகிறது: 200 வாட்-செகண்ட் ஃபிளாஷ் மேடைக்கு வசதியாக இருக்கும்.

இடமிருந்தால் இரண்டு விளக்குகளை மேடைக்கு முன்னே இருபுறமும் ஒரே தூரத்தில், ஒரே பலத்தில் வையுங்கள். ஒவ்வொன்றையும் தன் பக்கத்து ஆளைப் பார்க்கவைக்காமல் எதிர்முனையில் நிற்பவரைப் பார்க்கத் திருப்புங்கள். கிட்டே நிற்பவருக்கு விளிம்பு வெளிச்சம் மட்டும் படும், தள்ளி நிற்பவருக்கு நடு வெளிச்சம் போகும், வரிசை சமமாகும். உயரமும் முக்கியம். முன்வரிசைத் தலையின் நிழல் பின்வரிசை முகத்தில் விழாத அளவுக்கு ஸ்டாண்டை ஏற்றுங்கள்.

டிடிஎல் தானியங்கி அளவீட்டை மேடையில் நம்பாதீர்கள். வெள்ளை வேட்டி சட்டையில் நாலு பேர் வந்தால் அது ஏமாந்து வெளிச்சத்தைக் குறைக்கும். கறுப்புக் கோட்டில் நண்பர்கள் வந்தால் கூட்டும். விளக்கும் மேடையும் நகராதபோது அளவும் மாற வேண்டியதில்லை. ஒரு முறை சோதித்து மேனுவலில் பூட்டிவிடுங்கள். நடந்துகொண்டே எடுக்கும் கூரை ஃபிளாஷுக்கு டிடிஎல் இருக்கட்டும். வேட்டிக் கூட்டத்தில் ஒரு ஸ்டாப் வரை கூட்டிக்கொள்ளுங்கள்.

நிறமும் மினுக்கலும்

ஃபிளாஷின் நிறம் ஏறத்தாழ 5500 கெல்வின், பகல் வெளிச்சத்தைப் போல. மண்டபத்து மஞ்சள் எல்இடிகள் 3000 கெல்வினை ஒட்டியிருக்கும், டியூப்லைட் 6500. மஞ்சள் மண்டபத்தில் வெறும் ஃபிளாஷ் அடித்தால் முகம் சரியாக வர, பின்னால் இருப்பதெல்லாம் ஆரஞ்சாகும். ஃபிளாஷின் முகத்தில் அரை சிடிஓ என்ற ஆரஞ்சு ஜெல் தாளை ஒட்டினால் அதன் நிறம் 3800 கெல்வின் பக்கம் இறங்கும். முழு சிடிஓ 3000-ஐ நெருங்கும். கேமராவின் வெள்ளைச் சமநிலையையும் அதற்கேற்ப மாற்றினால் முகமும் மண்டபமும் ஒன்றுசேரும். அரை சிடிஓ போதும்; லேசான மஞ்சள் பின்னணியில் இருப்பது கல்யாணக் களைக்கு நல்லது.

ஊதாவும் நீலமுமாக மேடையைக் கழுவும் பார் லைட்டுகளை ஜெல்லால் வெல்ல முடியாது. லைட்மேனிடம் முன்கூட்டியே பேசி, முகத்தைப் பார்க்கும் விளக்குகளை வெள்ளைக்கு மாற்றச் சொல்லுங்கள்; பின்திரையை நனைக்கும் வண்ணம் அப்படியே இருக்கட்டும். வீடியோக்காரரிடமும் அவர் விளக்கின் கெல்வின் அளவைக் கேட்டு, அதற்கேற்ற ஜெல் போடுங்கள்.

எல்இடி வாங்கும்போது சிஆர்ஐ என்ற நிறத் துல்லிய எண்ணோடு நிறுத்தாதீர்கள். அது எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. அடர்சிவப்புக்கான ஆர்9 அதில் சேராது. சிஆர்ஐ நன்றாக இருந்தும் ஆர்9 குறைவான விளக்கில் குங்குமம் பழுப்பாகும், அரக்குப் பட்டு சோர்ந்துபோகும், முகம் ரத்தமில்லாமல் தெரியும். ஆர்9 90-க்கு மேல் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

மின்வாரிய மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. மலிவான எல்இடிகள் நொடிக்கு 100 முறை மங்கி எரியும். கண் கவனிக்காது, கேமரா கவனிக்கும். படத்தில் குறுக்கே பட்டைகள் வந்தால் ஷட்டரை 1/100 அல்லது 1/50-க்குக் கொண்டுவாருங்கள். டிம்மர் போட்ட விளக்குகளும் எல்இடி திரைகளும் வேறு வேகத்தில் மினுக்கும். அவற்றுக்கு ஒரே மருந்து இல்லை. வேகத்தைச் சிறிது சிறிதாக மாற்றிப் பட்டை மறையும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இந்தப் பட்டை அதிகம் வரும். மண்டபத்துக்குள் மெக்கானிக்கல் ஷட்டரே நல்லது.

நகை, பட்டு, மூக்குக்கண்ணாடி

தங்கம் தன் எதிரே இருப்பதைத்தான் காட்டும். எதிரே இருட்டு இருந்தால் ஒட்டியாணம் கறுப்பாக வரும், சின்ன விளக்கு இருந்தால் நாலு வெள்ளைப் புள்ளியாக வரும். நகையை அருகில் எடுக்கும்போது அகலமான சாஃப்ட்பாக்ஸோ தெர்மோகோலோ அதன் எதிரே இருக்க வேண்டும். பட்டின் ஜரிகைக்குப் பக்கவாட்டு வெளிச்சம். நேர்வெளிச்சத்தில் நெசவு தெரியாது. மூக்குக்கண்ணாடி போட்டவருக்கு விளக்கை உயர்த்துங்கள். அப்படியும் கண்ணாடியில் விளக்கு தெரிந்தால், காதுக்குப் பின்னால் உள்ள கம்பி முனையைக் கொஞ்சம் தூக்கிவைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்து பிரதிபலிப்பு விலகும்.

வாங்கும் வரிசை

1. தலை எல்லாப் பக்கமும் திரும்பும், லித்தியம் பேட்டரி கொண்ட, டிடிஎல் ஃபிளாஷ் ஒன்று. உபரி பேட்டரி ஒன்று.

2. அதே நிறுவனத்தின் ரேடியோ ட்ரிக்கர், ஒரு ஸ்டாண்டு, ஒரு வெள்ளைக் குடை. ஒரு நிறுவனத்தின் ட்ரிக்கர் இன்னொன்றின் ஃபிளாஷோடு பெரும்பாலும் பேசாது. முதல் ஃபிளாஷ் வாங்கும்போதே பின்னால் வாங்கப்போகும் விளக்குகளின் குடும்பத்தையும் முடிவு செய்துவிடுகிறீர்கள்.

3. அதே வகையில் இரண்டாவது ஃபிளாஷ், சிடிஓ ஜெல்கள்.

4. பேட்டரியில் இயங்கும் 200 வாட்-செகண்ட் ஃபிளாஷ். மேடைக்கும், நிழலில் எடுக்கும் வெளிப்புறப் படத்துக்கும் இது போதும். நடுப்பகல் வெயிலில் சாஃப்ட்பாக்ஸ் போட்டு வானத்தோடு போட்டியிட வேண்டுமானால் 400 முதல் 600 வரை தேவைப்படும். அதை வாடகைக்கு எடுங்கள்.

5. வீடியோ வேலை வந்தால் மட்டும் எல்இடி. போவன்ஸ் மவுண்ட் உள்ளதாகப் பாருங்கள். ஒரே சாஃப்ட்பாக்ஸை ஃபிளாஷுக்கும் அதற்கும் மாற்றி மாட்டலாம்.

மணல்மூட்டையையும் காஃபர் டேப்பையும் இந்தப் பட்டியலுக்கு வெளியே முதல் நாளே வாங்கிவிடுங்கள். உயர்த்திய ஸ்டாண்டின் காலில் புடவைத் தலைப்பு சிக்கினால் விழுவது விளக்கு மட்டுமாக இருக்காது. மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஏறும் இடைவெளியில் வயரில் ஓடும் விளக்குகள் எல்லாம் அணையும்; மேடையில் உங்கள் முக்கிய விளக்கு பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும்.

மண்டபத்தில் முதல் அரைமணி நேரம்

கூட்டம் வருமுன் போய்ச் சேருங்கள். கூரை என்ன நிறம், எவ்வளவு உயரம் என்று பாருங்கள். ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுத்து, மண்டபத்து வெளிச்சம் எவ்வளவு என்று அறியுங்கள். ஷட்டரை 1/500-க்கு ஏற்றி இன்னொன்று எடுங்கள். பட்டை விழும் விளக்குகள் தெரிந்துவிடும். ஸ்டாண்டுகளை நிறுத்தி, மூட்டை வைத்து, வயர்களை டேப்பால் ஒட்டுங்கள். பிறகு மேடையில் மணமக்கள் நிற்கும் இடத்தில் உதவியாளரை நிறுத்தி முகத்துக்கு அளவு பிடியுங்கள். வரிசையின் இரண்டு முனைகளுக்கும் அவரை நடக்கவிட்டு அதே அளவில் ஒவ்வொரு படம் எடுங்கள். மூன்று படங்களிலும் முகத்தின் வெளிச்சம் அரை ஸ்டாப்புக்குள் ஒத்திருந்தால் அளவைப் பூட்டிவிட்டு வேலையைத் தொடங்கலாம். ஒத்துவராவிட்டால் கேமராவில் எதையும் மாற்றாதீர்கள், விளக்கை நகர்த்துங்கள்.